வாளித் தண்ணீர்

மூன்றாவது தடவையும் அதே கதைதான். கருவியின் திரையில் அலனைன் என்ற அமினோ அமிலத்தின் முகடு நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது. அஸ்பார்டிக் அமிலம் வர வேண்டிய இடத்தில் பேருக்கு ஒரு சின்ன மேடு. எண்ணூர் உப்பங்கழியில் எடுத்த மட்டிக்கு இப்படி வந்திருந்தால் ரமாபாய் சந்தோஷப்பட்டிருப்பாள், அவள் எதிர்பார்த்ததே அதுதான். ஆனால் இது பழவேற்காட்டு மட்டி. தண்ணீர் நன்றாக ஓடுகிற இடமாகப் பார்த்து எடுக்கச் சொன்னது. அது எதற்கு எண்ணூர் மட்டி மாதிரியே மூச்சு முட்டிக் கிடக்கிறது?

மட்டி ஓட்டை இறுக்கி மூடிக்கொண்டு ஆக்சிஜன் இல்லாமல் கிடந்தால், உடம்பிலுள்ள அஸ்பார்டிக் அமிலத்தைச் செலவழித்து உயிரைப் பிடித்துக்கொள்ளும். அலனைன் ஏறிக்கொண்டே போகும். அதை அளக்கத்தான் திருவொற்றியூர் நெடுஞ்சாலையோரம், கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் அதிரும் அந்தக் கல்லூரி ஆய்வகத்தில், ஒரு கருவியோடு அவள் வருடக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். அதன் இரு முனைகளுக்கும் நடுவே முப்பதாயிரம் வோல்ட். மட்டியின் சாற்றைத் துளியிலும் துளியாக உள்ளே விட்டால், மின்னேற்றம் உள்ள மூலக்கூறுகள் ஓட ஆரம்பிக்கும். பொடிசுகள் முந்தும், பெரிசுகள் பின்னால் வரும். மறுமுனையில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒவ்வொன்றையும் எடை போட்டு அடையாளம் காட்டும். கேபிலரி எலக்ட்ரோஃபோரசிஸ் என்று பெயர். அது வாயில் நுழையாததால் அவள் கணவன் அறிவு "உன் கரண்டு பைப்பு" என்பான். கடல் பக்கத்து உயிர் என்றால் உப்பு, உப்பு என்றால் குழாய்க்குள் மின்னோட்டம் குடிகாரன் மாதிரி தள்ளாடும். அதையும் அடக்கியாகிவிட்டது. எல்லாம் ஒழுங்காக வந்த பிறகு விடை மட்டும் தப்பாக வந்தால் ஒரு மனுஷி யார் மேல் கோபப்படுவது?

துறைத்தலைவர் அய்யாத்துரை நல்ல மனிதர்தான். நாசரேத்துப் பக்கத்து வியாபாரக் குடும்பம், அண்ணன் தம்பிகளுக்குப் பாரிமுனையில் மொத்தக் கடை. போகாத சரக்கைக் கடையில் வைத்திருக்கக் கூடாது என்பது அவர் ரத்தத்திலேயே ஊறியிருந்தது.

"மிஷின் பொய் சொல்லுதும்மா," என்றார். "திங்கக்கிழம மிஷின் வாங்கிக் குடுத்த கமிட்டி வருது. ரெண்டு ஊரு மட்டிக்கும் வித்தியாசம் காட்டலன்னா, இத இன்னொரு காலேஜுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் நீ ஃபர்ஸ்ட் இயருக்குக் கிளாஸ்தான் எடுக்கணும்."

"அது பொய் சொல்லாது சார்."

"அப்ப யாரு சொல்லுதா?"

வீட்டுக்கு, வியாசர்பாடிக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடி அவள் அழுதாள். ஊரெல்லாம் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் தண்ணீருக்குள் கிடக்கிற ஜீவனைக் கேட்டுச் சொல்ல இந்தப் பக்கத்தில் இருப்பது இந்த ஒரு கருவிதான். அதுவும் போய்விடும்.

சாற்றுக்குப் போக மீந்த பழவேற்காட்டு மட்டி கொஞ்சம் பையில் இருந்தது. தூக்கிப் போட மனம் வராமல் முதல் தடவையாக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அறிவுக்குச் சமையலில் கை ருசி உண்டு. பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு வறுத்தான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவன் மட்டும் ரசித்துச் சாப்பிட்டான்.

"இன்னாமே, எங்க வாங்குன இத்த? பல்லுல ஒரு பொடி மண்ணு மாட்டல."

"வாங்கல. லேப்புல மீந்தது."

"யாரோ சோக்கா ஊற வெச்சுக் குடுத்துருக்காங்கப்பா."

ரமாபாயின் கை நின்றது. மட்டி என்றால் மண் நறநறக்கும். ஊற வைக்காத மட்டியைச் சின்ன வயதில் இருந்து எத்தனை முறை துப்பியிருக்கிறாள். எதில் ஊறியது? எவ்வளவு நேரம்? எச்சில் கையோடு அவன் தலையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். "யோவ், உனுக்கு எவனாவது அவார்டு குடுக்கணும்யா!" அவன் மட்டி வறுவலுக்கென்று நினைத்துக்கொண்டு வெட்கப்பட்டான்.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் எண்ணூரை அடுத்த வள்ளூரில் கெங்கம்மாவின் வாசலில் போய் நின்றாள். கழியில் இறங்கிக் கையால் துழாவி மட்டி எடுக்கிறவள் கெங்கம்மா. பழவேற்காட்டில் தங்கச்சி வீடு இருந்ததால் இரண்டு ஊர் மட்டியையும் அவள்தான் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பாள்.

"யக்கா, மட்டிய எடுத்தாந்து இன்னா பண்ணுவ?"

"வாளில நல்ல தண்ணி ரொப்பிப் போட்டுருவேன். மண்ணெல்லாம் கக்கிரும்ல? மார்க்கெட்டுக்குன்னா சும்மா கொஞ்ச நேரம்தான். உனுக்குன்னு ராவெல்லாம் ஊறப் போட்டுத்தான் எடுத்தாருவேன்." அவள் குரலில் பெருமை வழிந்தது. "படிச்ச எடத்துக்குச் சேத்தோட குடுத்தா கலீஜா இருக்காது?"

உப்புத் தண்ணீரில் பிறந்த மட்டி, ராத்திரி முழுக்கக் குடிதண்ணீர் வாளியில். மண்ணைக் கக்கிவிட்டு, ஓட்டை இறுக்கி மூடிக்கொண்டு விடியும்வரை மூச்சைப் பிடித்துக் கிடந்திருக்கிறது. எண்ணூர் மட்டிக்கும் அதே வாளி, பழவேற்காட்டு மட்டிக்கும் அதே வாளி. கருவி ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. ரமாபாய் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கெங்கம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாம்மா, தப்பாயிருச்சா?"

"தப்பு என்னுதுக்கா. உயிரோட வேணும்னு சொன்னேன். சேத்தோட வேணும்னு சொல்லல."

அன்று கெங்கம்மா துழாவி எடுக்க எடுக்க, ரமாபாய் கரையிலேயே ஓட்டைப் பிளந்து, ஆய்வகத்துக்குப் போய் எடுத்துவந்த, புகை கக்கும் திரவ நைட்ரஜன் குடுவைக்குள் சதையை அந்த நொடியே உறையப் போட்டாள். காலையில் எண்ணூர், மதியம் ஆட்டோ பிடித்துப் பழவேற்காடு. "கொஞ்சம் அலசியாவது குடுக்கட்டா?" என்று கெங்கம்மா கெஞ்சிப் பார்த்தாள். "அலசுன, சண்டதான்," என்றாள் ரமாபாய். பழவேற்காட்டு மட்டியில் ஒரு கை மட்டும் பழையபடி வாளிக்குப் போனது. அது வேண்டுமென்றே.

திங்கட்கிழமை கமிட்டியில் வந்த மூன்று பேரில் வயதான அம்மாள் ஒருவர் லேசில் மசிகிறவராக இல்லை. வாளிக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, மூன்று சாறுகளையும் வெளியே எடுத்துப்போய், பெயர்ச் சீட்டுகளை உரித்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒட்டிக்கொண்டு வந்தார். "இப்ப சொல்லுங்க, எது எது?"

முதல் சாறு ஓட ஆரம்பித்ததும் மின்னோட்டக் கோடு சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. குழாய்க்குள் காற்றுக்குமிழி. அய்யாத்துரை கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். ரமாபாய் குழாயைக் கழுவி, மறுபடி நிரப்பி, மறுபடி வோல்ட்டை ஏற்றினாள். கோடு எழுந்து, நேராகப் போயிற்று.

ஒன்றாம் எண்ணில் அலனைன் ஏறி, அஸ்பார்டிக் தேய்ந்திருந்தது. கூடவே கிளைசின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் பாதிக்கு மேல் காணோம். நல்ல தண்ணீரில் ஊறினால்தான் அது அப்படிக் கசிந்து போகும். "இது வாளி," என்றாள். இரண்டாம் எண்ணில் அஸ்பார்டிக் அமிலத்தின் முகடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தது. அவள் இதுவரை பார்த்தே இராத முகடு. "பழவேற்காடு," என்றாள். மூன்றில் கிளைசின் அப்படியே இருந்தது, மூச்சு முட்டியதற்கு அடையாளமாக அஸ்பார்டிக் மட்டும் தேய்ந்திருந்தது. "இது எண்ணூர். இத யாரும் வாளியில போடல."

அந்த அம்மாள் எந்த எண் எது என்று குறித்து மடித்து வைத்திருந்த சீட்டைப் பிரித்துப் பார்த்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். ஓட்டினாள். கோட்டின் மேல் கோடு விழுந்தது. "மிஷின் இங்கயே இருக்கட்டும்," என்றார். "இந்த ஒரு எடம் போதாது. கழி முழுக்க எடுங்க."

"நான் அப்பவே சொன்னேன்லா, மிஷின் பொய் சொல்லாதுன்னு," என்றார் அய்யாத்துரை, கமிட்டியைப் பார்த்து. ரமாபாய் அதையும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டாள்.

வெளியே வந்து லாரிச் சத்தத்துக்கு நடுவே கெங்கம்மாவுக்குப் போன் போட்டு, "ஜெயிச்சிட்டோம்க்கா!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் ஒரு கூவல். அப்புறம் தணிந்த குரலில் கேட்டாள்.

"அப்ப நம்ம மட்டி நெசமாவே மூச்சு வுட முடியாமதான் கெடக்குதா?"

"ஆமாக்கா. ஏன்னு இனிமேதான் பாக்கணும்."

"பாரு. எல்லா எடத்தையும் பாரு. நான் ஆளுங்கள இட்டாரேன்."

மறுநாள் காலை ரமாபாய் குடுவையோடு எண்ணூர் கழிக்கரையில் இறங்கியபோது, கெங்கம்மாவோடு இன்னும் ஏழெட்டுப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை இடுப்பளவுத் தண்ணீரில் விரிந்து நின்றிருந்தார்கள். "இங்க வாம்மா மொதல்ல!" என்று ஒருத்தி கத்தினாள். "அவகிட்ட போவாத, இங்க வா!" என்று இன்னொருத்தி. ரமாபாய் குடுவையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் முதலில் போவதென்று தெரியாமல், சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினாள்.