ஸ்ரீபன் வீட்டுப் புகைக்கூடு

பெனடிக்ற்றைப்போல ஒரு விசரனைப் பலெர்மோ முழுக்கத் தேடினாலும் காணமாட்டியள். பதினொரு வருஷமாய் ஒரு இத்தாலியனிட்டைப் புகைக்கூடு திருத்துற வேலை. கையெழுத்து வைச்ச காகிதம் இல்லாமல் அந்த முதலாளிக்கு ஒரு ஆணிகூட அடிக்கமாட்டான், அவ்வளவு உசார். ஆனால் ஸ்ரீபன் எண்டால் கதை வேறை. ஸ்ரீபன் அவன்ர மகள் மொனிகாவின்ர ஞானத்தகப்பன். மன்னாரில பிள்ளைக்குத் தலையில தண்ணி ஊத்தேக்கை மெழுகுதிரி பிடிச்சு நிண்ட மனுஷன். அப்பிடிப்பட்டவரிட்டைப் போய்க் காகிதம் கேக்கிறதோ?

ஒக்டோபர் பதினாலில மொனிகாவுக்குப் பதினெட்டு முடியுது. அதுக்கு முன்னம் மனுப் போட்டால்தான் தாய் மாக்கிரட்டோட அவளையும் இஞ்சை கூப்பிடலாம். ஒரு நாள் பிந்தினாலும் தாய் மட்டும்தான். மனுவுக்கு வீட்டு ஒப்பந்தம் வேணும். பெனடிக்ற் இருக்கிறதோ அஞ்சு ஆம்பிளையள் படுக்கிற ஒரு அறையில.

சீசா எண்ட பகுதியில ஸ்ரீபனுக்கு ஒரு மாடி வீடு பூட்டிக் கிடந்தது. புகைக்கூட்டுக்குள்ள செங்கல் வெடிச்சு, சுடுதண்ணி பொயிலரின்ர புகை மேல் வீட்டுக்குள்ள போகுதெண்டு காஸ்காரர் இணைப்பை வெட்டிப்போட்டினம். அதைச் சரியாக்கினால் வீடு வாடகைக்கு உனக்குத்தான், மொனிகா என்ர பிள்ளையெல்லோ எண்டார் ஸ்ரீபன். பெனடிக்ற்றுக்குக் கண் கலங்கிப்போச்சு. விசரன்!

ஓகஸ்ட் வெயிலில தொடங்கினான். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் குழாயைப் பழைய கூட்டுக்குள்ள இறக்கிறது ரெண்டு பேரின்ர வேலை. கூரையில ஒருத்தன் குழாயை விட, கீழை ஒருத்தன் கயிறு பிடிச்சு இழுக்கவேணும். ஸ்ரீபனுக்கு நாரிப்பிடிப்பாம், குனிஞ்சு நிமிரேலாதாம். இவன் மேலை கொஞ்சம் விட்டுக் கட்டிப்போட்டு, நாலு மாடி இறங்கி இழுத்து, திரும்ப ஏறினான். வளைவில குழாய் இறுகி நிண்டிட்டுது. மூண்டு ஞாயிறு பூசையையும் விட்டுப்போட்டுக் கிடந்து மாரடிச்சான். கடைசியில கீழ்வாயைப் பொயிலரோட பொருத்தி, மேலை மூடி போட்டு முடிச்சான். முதலாளி வந்து சோதிச்சு, புகைக்கூடு சரியெண்டு வீட்டுக்காரன்ர பேரில காகிதம் எழுதிக் குடுத்தார். அதை ஸ்ரீபனிட்டைக் குடுத்ததும் பெனடிக்ற்தான்.

செப்டெம்பரில, முதல் வெள்ளை அடிக்கவேணும் எண்டார் ஸ்ரீபன். பிறகு, ஒப்பந்தம் எழுதுறவர் லீவிலை எண்டார். இவனும் ஓம் அண்ணை, ஓம் அண்ணை எண்டு திரும்பித் திரும்பி வந்தான். ஒக்டோபர் பத்தாம் திகதி பொறுக்கேலாமல் அந்த வீட்டுக்கே போனான். ஸ்ரீபன்ர தமக்கையின்ர மகன் றொஜர் யன்னலுக்குச் சீலை போட்டுக்கொண்டு நிண்டான். குசினியில அவன்ர பெண்சாதி சுடுதண்ணியில பாத்திரம் கழுவினாள்.

பெனடிக்ற் நேரை வியா மக்வேதாத் தெருவில இருக்கிற ஸ்ரீபன்ர கடைக்குப் போய், இன்னும் நாலு நாள்தான் அண்ணை எண்டு கெஞ்சினான். சனத்துக்கு முன்னால அழுதும் போட்டான்.

"சொந்த மருமகனைத் தெருவில விடேலுமோ?" எண்டார் ஸ்ரீபன். "நான் உனக்கு ஏதும் எழுதித் தந்தனானோ?"

நாலு நாளில வேறை ஆர் வீடு குடுப்பினம்? பதினாலாம் திகதி வந்து போச்சு. காகிதம் பிந்திப்போச்செண்டு மட்டும் மன்னாருக்குச் சொன்னான். பிள்ளைக்கு ஞானத்தகப்பனைப் பற்றி என்னெண்டு சொல்லுறது?

பதினெட்டாம் திகதி ஸ்ரீபனே கோல் எடுத்தார். றொஜரின்ர பெண்சாதிக்கு மாடிப்படி ஒத்துவரேல்லையாம், அவை போகினமாம், வீடு வேணுமெண்டால் நாளைக்கு வந்து கையெழுத்து வைக்கட்டாம். கர்த்தர் உனக்கெண்டுதான் வைச்சிருந்தவர் எண்டும் சொன்னார். அந்த மனுஷன்ர வாய் அவியாதோ!

மன்னாருக்கு எடுத்தால், மகளை விட்டிட்டு வரமாட்டன் எண்டு மாக்கிரட் குழறினாள். மொனிகாதான் போனை வாங்கினாள்.

"அம்மாவை எண்டாலும் கூப்பிடுங்கோ அப்பா. ஸ்ரீபன் மாமா எங்களுக்காண்டி எவ்வளவு செய்யிறார். நான் நன்றி சொன்னனெண்டு சொல்லுங்கோ."

அடுத்த நாள் கையெழுத்து வைச்சிட்டு, பெனடிக்ற் அதையும் சொன்னான். ஸ்ரீபனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பிள்ளையை நல்லாய் வளத்திருக்கிறாய்," எண்டார்.