மாடி காலியா?

காலையில் அக்கா வீட்டுக் கூடத்தில் எழுந்திருப்பான். பாயைச் சுருட்டி அலமாரி இடுக்கில் நிறுத்துவான். குளியலறையில் அத்தான் இருப்பார். உள்ளே போனால் அவர் உலகத்தையே மறந்துவிடுவார் என்பதால் அந்த வீட்டில் யாரும் அவருக்காகக் காத்திருப்பதில்லை. நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருக்கும் தன் வீட்டுக்கு நடப்பான். கீழ்த்தளம் வாடகைக்கு விட்டது. பக்கவாட்டுப் படியேறி மாடிக் கதவைத் திறப்பான். சன்னல்களைத் திறப்பான். பல் தேய்ப்பான், குளிப்பான், டீ போட்டுக் குடிப்பான், டம்ளரைக் கழுவாமல் தொட்டியில் போடுவான். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சன்னல்களைச் சாத்திவிட்டு வேலைக்குப் போவான். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி. ராத்திரி அக்கா வீடு. சாப்பாடு, பாய், தூக்கம்.

மனைவி போனதிலிருந்து, நாலைந்து மாதமாக, இப்படித்தான். எங்கே குடியிருக்கிறாய் என்று அவனை யாரும் கேட்டதில்லை. கேட்டது இன்சூரன்ஸ் கம்பெனி.

போன வாரம் மாடிக் குளியலறைச் சுவருக்குள் குழாய் உடைந்தது. தண்ணீர் தளத்தில் இறங்கி, கீழே திரைச்சீலை தைக்கும் அம்மாவின் வெட்டு மேசை மேல் கொட்டியது. புதிதாகத் திறக்கப்போகிற ஒரு ஓட்டலின் துணி முழுவதும் அங்கேதான் இருந்தது. ஒரு கத்தரி கூடப் படாத துணி. சாயம் ஒன்றோடொன்று கலந்து, எது சன்னலுக்கு, எது வாசலுக்கு என்று அடையாளம் தெரியாமல் போனது. ஓட்டல்காரர் துணியைக் கேட்கிறார். வாங்கிக் கொடுக்க அந்த அம்மாவிடம் வழியில்லை. வீட்டை வாடகைக்கு விட்டபோது அவனும் அவன் மனைவியும் எடுத்த பாலிசி குடித்தனக்காரர் நஷ்டத்தையும் ஏற்கும். ஆனால் ஒரு நிபந்தனை. தண்ணீர் வந்த பகுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் ஒரு பைசா கிடையாது.

இன்று சர்வேயர் வருகிறார். நஷ்டத்தைப் பார்த்து எழுதுகிறவர் அவர்தான்.

அவன் படியேறி வந்தபோது கதவு திறந்திருந்தது. மாற்றுச் சாவியோடு அக்கா முன்னாலேயே வந்துவிட்டிருந்தாள். தரை முகம் பார்க்கும்படி பளபளத்தது. அவனுடைய சட்டைகள் பெட்டிக்குள் போயிருந்தன. மெத்தை சுருட்டிக் கயிறு கட்டப்பட்டிருந்தது. பல் தேய்க்கும் பிரஷைக் காணவில்லை. டம்ளரைக் கழுவித் துடைத்துத் தாளில் சுற்றி மேலே ஏற்றியிருந்தாள்.

"என்னடா அப்படி முழிக்கிற? வெளியாள் வர்றாரு. பொம்பளை இல்லாத வீடு, குப்பையாத்தான் கெடக்கும்னு ஒரு பேச்சு வரக் கூடாது பாரு."

பின்னாலேயே ஏறி வந்த கீழ் வீட்டம்மா வாசலிலேயே நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"நல்லா கெடுத்தீங்க போங்க! ஆள் இருக்கிற வீடுன்னு காட்டணும்னு நான் ஒரு வாரமா நெஞ்சுல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க என்னடான்னா வாடகைக்கு ஆள் தேடற வீடு மாதிரி தொடைச்சு வச்சிருக்கீங்க!"

"சுத்தம் பண்ணினது ஒரு குத்தமா?"

"சுத்தம் இல்லம்மா இது, காலி. நாலு நாள் பெருக்காத வீடா இருந்தா என் துணிக்குக் காசாவது வந்திருக்கும்."

சொல்லிவிட்டுத் தடதடவெனக் கீழே ஓடினாள். திரும்பி வரும்போது ஒரு தலையணை, ஒரு ஈரத் துண்டு, ஒரு பிரஷ், தன் வீட்டுக்காரரின் சட்டை, ஒரு ஜோடி செருப்பு. சட்டையை நாற்காலி முதுகில் போட்டாள். துண்டைக் கதவில் தொங்கவிட்டாள். அக்கா ஒரு பக்கம் துண்டை எடுத்து மடித்தாள். கீழ் வீட்டம்மா மறுபடி உதறிப் போட்டாள். அவன் நடுவில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். யார் சொல்வது சரி என்று அவனுக்கு விளங்கவில்லை. இந்த வீட்டில் ஆள் இருக்கிறதா? இருக்கிறது என்றால் அது யார்?

சர்வேயர் வந்தார். நரைத்த மீசை, கையில் டார்ச், சுவரில் வைத்தால் ஈரம் காட்டும் சின்னக் கருவி. கீழே வெட்டு மேசையையும் துணியையும் பார்த்துவிட்டுத்தான் மேலே வந்திருந்தார். குளியலறைச் சுவரைப் பார்த்தார். கயிறு கட்டிய மெத்தையைப் பார்த்தார். சட்டையை விரலால் தூக்கினார்.

"இது யாரோடது?"

"தம்பியோடதுதான்," என்றாள் கீழ் வீட்டம்மா.

"இந்தச் சட்டைக்குள்ள இவரை மாதிரி ரெண்டு பேர் புகுந்துக்கலாம் போல இருக்கே."

"துக்கத்துல இளைச்சிட்டாரு சார்."

சர்வேயர் சிரிக்கவில்லை. ஆனால் மீசை லேசாக அசைந்தது. அவனைப் பார்த்து, "ராத்திரி எங்க படுப்பீங்க?" என்றார்.

"அக்கா வீட்டுல."

கீழ் வீட்டம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா?"

அதற்கு அக்கா முந்திக்கொண்டாள். "அவ போனதுலேருந்துங்க. போறப்போ என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'அவரைப் பாத்துக்கங்க அண்ணி'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினா. அப்புறம் எப்படி விடறது? ஒரு ராத்திரி இவனை இங்க தனியா விட்டதில்ல."

இந்த வாசகத்தை அவன் பலமுறை கேட்டிருக்கிறான். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் அக்கா சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள். ஆஸ்பத்திரியில் மனைவியின் வாயில் குழாய் இருந்தது. கண் திறக்கவேயில்லை. அது போக, அவள் ஒரு நாளும் அவனை 'அவர்' என்றதில்லை. ஆனாலும் அந்தப் பேச்சால் யாருக்கும் நஷ்டமில்லை என்று விட்டிருந்தான். இப்போது கீழ் வீட்டம்மாவின் முகத்தைப் பார்த்தால் நஷ்டம் இருப்பதாகத் தெரிந்தது.

"வந்து போறது வேற, குடியிருக்கறது வேறம்மா," என்றார் சர்வேயர். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னா நான் என்ன எழுதறது? சார், நீங்களே சொல்லுங்க. மாடி காலியா, இல்லையா?"

அவன் யோசித்தான். சட்டை இங்கே. தூக்கம் அங்கே. டீ இங்கே. சோறு அங்கே. எதை எதோடு கூட்டுவது?

"தெரியல சார்," என்றான்.

"தெரியலையா!" கீழ் வீட்டம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். "தம்பி, என் பொழப்பு உங்க வாயில நிக்குது. காலி இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"பொய் சொல்லச் சொல்லாதீங்க அவனை," என்றாள் அக்கா.

"பொய் இல்லம்மா. தினம் காலையில இந்தத் தண்ணிச் சத்தத்துலதான் நான் எழுந்திருக்கறேன்."

சர்வேயர் கையை உயர்த்தி இருவரையும் அடக்கினார். "சரி. அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்க. குழாய் உடைஞ்சது எப்படித் தெரிஞ்சுது?"

"இவங்க கீழேருந்து கத்தினாங்க. போய் வால்வை மூடினேன்."

"அப்பத்தான் வந்தீங்களா?"

"இல்ல. முன்னாடியே வந்துட்டேன்."

"முன்னாடியேன்னா? தண்ணி சத்தம் கேட்கலையா?"

"கேட்டுது."

கீழ் வீட்டம்மா அவனை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"கதவைத் திறந்ததும் கேட்டுது," என்றான். "குளியலறைக் கதவு சாத்தியிருந்துது. உள்ள தண்ணி ஓடுது. அவ குளிக்கறான்னு நினைச்சேன். இந்த நாற்காலியில உக்காந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. இவங்க கத்தற வரைக்கும்."

அவன் கீழ் வீட்டம்மாவிடம் திரும்பினான். "நான் எழுந்து போயிருந்தா உங்க துணி பாதியாவது பொழைச்சிருக்கும்."

அவள் கதவிலிருந்த துண்டை இழுத்து எடுத்தாள். திட்ட வந்தவளா அழ வந்தவளா என்று அவளுக்கே தெரியவில்லை.

சர்வேயர் டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டார். நாற்காலியிலிருந்த சட்டையை மெல்ல ஒதுக்கிவிட்டு அதில் உட்கார்ந்தார். அங்கிருந்து குளியலறைக் கதவு நேராகத் தெரிந்தது.

"பூட்டிக் கெடக்கற வீட்டைப் பாத்துட்டுப் போக வந்தவன், உள்ள தண்ணி ஓடினா அலறி அடிச்சிக்கிட்டு ஓடுவான்," என்றார். "குடியிருக்கறவன்தான் யாரோ குளிக்கறாங்கன்னு உக்காருவான். ஆள் இருந்த வீடுன்னு எழுதறேன். ஆபீஸ்ல கேட்டா நான் பேசிக்கறேன்."

"நான் கவனிக்காம விட்டது?"

"அதுக்குத்தானே சார் இன்சூரன்ஸ். எல்லாரும் கவனமா இருந்தா எனக்கு ஏது வேலை?"

கீழ் வீட்டம்மா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். பிறகு நினைவு வந்தவளாகச் சட்டையையும் செருப்பையும் பொறுக்கத் தொடங்கினாள். "இதுவும் போச்சுன்னா எங்க வீட்டுக்காரரு தையல் மிஷினையே தூக்கிப் போட்டுடுவாரு," என்று முணுமுணுத்தாள். சர்வேயர் படியிறங்கிப் போனார்.

அக்கா மட்டும் அசையாமல் நின்றாள்.

"ஏன்டா," என்றாள். "அவ போயிட்டான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்னே என்னத்துக்குடா உக்காந்த? எழுந்து கதவைத் தட்டக் கூடவா தோணல?"

அவனுக்கும் அதுதான் புரியவில்லை. ஒரு வாரமாக யோசித்துப் பார்த்துவிட்டான். அவள் குளியலறையில் மயங்கி விழுந்த அன்று காலையில் அவன் அந்தக் கதவுக்கு வெளியே நின்று அவளிடம் ஏதோ கேட்டான். என்ன கேட்டான் என்பது நினைவில்லை. டீயா, சாவியா, ஏதோ ஒன்று. அதற்கு அவள் பதில் சொன்னாள். அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை, யாரிடமும் இல்லை.

"அக்கா, உன்கிட்ட அவ என்ன சொன்னாளோ எனக்குத் தெரியாது," என்றான். "என்கிட்ட கடைசியா சொன்னதைச் சொல்றேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"'ஒண்ணும் கேக்கல, தண்ணி ஓடுது. உக்காரு, வந்துடறேன்.'"