இரண்டாம் பக்கத்துக் குதிரைகள்

ஜேனிஸ் மறுபடியும் போர்வையை இழுத்துவிட்டாள். அப்பாவின் கை மறுபடியும் அதை உதறித் தள்ளியது. வலது கை மார்பில் தட்டியது, இடது கை மெத்தை ஓரத்தில் தட்டியது, நடுநடுவே ஒரு கால் வேறு உதைத்தது. கண்கள் மூடியே இருந்தன. நேற்றிலிருந்து பேச்சும் இல்லை. கைகள் மட்டும் ஒரு நிமிடம்கூட ஓயவில்லை.

நர்ஸ் ப்ரோனா வாசலில் வந்து நின்றாள். கடைசி நாட்களைக் கழிக்க வருகிறவர்களுக்கான அந்த இல்லத்தில் பல வருடம் வேலை பார்த்தவள், எதையும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவாள். உடம்பு அலைக்கழிகிறது, வலியும் இருக்கலாம், டாக்டர் ஊசி எழுதி வைத்திருக்கிறார், போட்டால் அமைதியாகத் தூங்குவார் என்றாள். தூங்கினால் எழுந்திருப்பாரா என்று ஜேனிஸ் கேட்டாள்.

"அந்த ஊசி உயிரை எடுக்காது. ஆனா இனிமே முழிச்சுப் பார்க்க அவருக்கு நேரமிருக்கும்னு எனக்குத் தோணல."

அப்பாவின் பழைய சிநேகிதர் மெர்வின் அங்கிள் வந்துகொண்டிருக்கிறார், அவர் வரட்டும் என்றாள் ஜேனிஸ். உண்மையில் அவள் மெர்வினுக்காகக் காத்திருக்கவில்லை. ஊசி போடச் சொல்லும் வாய் தன்னுடையதாக இருக்கக் கூடாது என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

அவள் அப்பா லெஸ் ஹாப்டே பாதி ஆயுளை ஹெர்ன் பே என்ற கடலோர ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக் கழித்தவர். அதற்கு முன், தலைமுடி தோளில் புரண்ட காலத்தில், ஒரே ஒரு இசைத்தட்டில் டிரம்ஸ் வாசித்திருந்தார். ஜாஸும் ராக்கும் கலந்த அந்தத் தட்டுக்கு 'ஃபேத்தன்' என்று பெயர். அப்பன் சூரியனின் தேரை ஒரே ஒருநாள் ஓட்டுகிறேன் என்று அடம்பிடித்து வாங்கி, குதிரைகளை அடக்கத் தெரியாமல் வானத்திலிருந்து எரிந்து விழுந்து செத்த கிரேக்கத்துப் பையனின் கதை அது. அவன் கதையை டிரம்ஸில் வாசித்துவிட்டு டிரைவிங் வாத்தியாராகப் போனவன் உலகத்திலேயே லெஸ் ஒருவன்தான் என்று மெர்வின் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எல்லோரும் சிரிப்பார்கள்.

ஜேனிஸ் சிரித்ததில்லை. அந்தத் தட்டைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அது வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள், அப்பா இசைக்குழுவோடு வேனில் ஊர் ஊராகப் போய்விட்டார். இசைக்குழு கலைந்து வீடு திரும்பிய பிறகும் அந்த விரல்கள் நிற்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் தட்டின, ஸ்டியரிங்கில் தட்டின, அம்மாவின் சவப்பெட்டிக்குப் பின்னால் போன காரின் கதவில்கூடத் தட்டின. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே மனிதர் வேறெங்கோ இருந்தார். அந்த இடத்தின்மேல் அவளுக்குத் தீராத பொறாமை.

மெர்வின் கைத்தடியும் காகிதப் பையுமாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். உள்ளே பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பேஸ்ட்ரி. லெஸுக்குப் பிடிக்கும், அவன் சாப்பிடாவிட்டால் நான் சாப்பிடுவேன் என்றார். அதே குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் அவர். கட்டிலின் மேல் குனிந்தார்.

"டேய் லெஸ், இப்பவும் அவசரந்தானா? அன்னைக்கும் உன் பின்னாடி ஓடி ஓடியே என் உயிர் போச்சு."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அந்தக் கைகளையே பார்த்தார். கிண்டல் நின்றுவிட்டது. அவருடைய விரல்களும் முழங்காலில் அசையத் தொடங்கின.

"ஜேனிஸ், இது நம்ம தட்டோட ரெண்டாம் பக்கம்மா."

"எது?"

"குதிரைங்க அறுத்துக்கிட்டு ஓடுற இடம். தாளம் ஏழு ஏழா வரும். வலது கையைப் பாரு. அஞ்சு, ஆறு, ஏழு. விழுதா?"

பார்த்தாள். விழுந்தது. அடுத்த ஏழும் விழுந்தது. நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. அப்பாவுக்கு வலியில்லை, அப்பா வாசித்துக்கொண்டிருக்கிறார். ப்ரோனா ஊசித் தட்டோடு வந்தபோது ஜேனிஸ் எழுந்து குறுக்கே நின்று அதையே சொன்னாள். அவர் நெற்றிச் சுருக்கத்தைப் பாருங்கள் என்றாள் ப்ரோனா.

"வாசிக்கும்போது அவன் மூஞ்சி எப்பவும் அப்படித்தான். யாரோ காலை மிதிச்ச மாதிரி வச்சுக்குவான்," என்றார் மெர்வின்.

ஜேனிஸ் சிரித்துவிட்டாள். வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், பக்கத்தில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு ப்ரோனா போய்விட்டாள்.

இருவரும் எண்ணினார்கள். ஜேனிஸ் தவறவிட்டபோதெல்லாம் மெர்வின் நிறுத்தி, எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். பிடித்தாள். மறுபடி விட்டாள். மறுபடி பிடித்தாள். ஐந்து வயதில் அப்பாவின் வேனில் ஏற்றிக்கொள்ளப்படாத பெண்ணுக்கு, கடைசியில் உள்ளே ஓர் இடம் கிடைத்திருந்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள். அந்த அறையில், அந்தக் கட்டிலருகே, வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தாள்.

அப்போது அப்பா முனகினார். அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம். கை விரிப்பைப் பற்றி முறுக்கியது, விட்டது, கண்டபடி அடித்தது. மெர்வினின் எண்ணிக்கை அறுந்தது. முதலிலிருந்து தொடங்கினார். மூன்றோடு நின்றார்.

"இது எந்த இடம், அங்கிள்?"

அவர் விரல்கள் முழங்காலில் அப்படியே கிடந்தன.

"தெரியலம்மா."

"ஏழுன்னீங்களே."

"நாங்க வாசிச்ச வாசிப்புக்கு எதைத் தட்டினாலும் ஏழுல அடக்கிடலாம். ஒண்ணு கூடினா சேத்துக்குவோம், குறைஞ்சா தாண்டிடுவோம். ஜன்னல்ல மழை அடிச்சாக்கூட எண்ணிடுவேன்." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அவன் வாசிக்கல கண்ணு. நான்தான் வாசிச்சிட்டிருந்தேன்."

அவரை அறைய வேண்டும்போல் வந்தது. அதைவிடத் தன்னை அறைந்துகொள்ள வேண்டும்போல் வந்தது. அப்பாவின் இமையோரம் நனைந்திருந்ததை அவள் இப்போதுதான் பார்த்தாள். மனிதர் வலியில் துடிக்க, பக்கத்தில் உட்கார்ந்து கச்சேரி கேட்டிருக்கிறாள். எழுந்து வாசலுக்குப் போய்த் தானே கூப்பிட்டாள்.

"ப்ரோனா, போட்டுடுங்க."

ப்ரோனா உடனே ஊசித் தட்டோடு வந்தாள். மேல்கையின் தளர்ந்த தோலில் ஊசியை ஏற்றிவிட்டு, நாடியைப் பிடித்தபடி நின்றாள். கொஞ்ச நேரத்தில் கால் அடங்கியது. பிறகு இடது கை. வலது கை இன்னும் சிறிது நேரம் மார்பில் தடுமாறிவிட்டு ஓய்ந்தது. நெற்றி மெல்ல விரிந்தது.

ஜேனிஸ் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் அது அவளிடம் இதற்கு முன் இருந்ததில்லை. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மெர்வின் பிரிக்காத காகிதப் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வாயெடுத்தார், அவள் தலையசைத்துத் தடுத்துவிட்டாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. வெயில் சாய்வதற்கு முன் ஒரு மூச்சு வெளியே வந்தது. அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தார்கள்.

ப்ரோனா வந்து குனிந்து பார்த்தாள். ஆமாம் என்று தலையசைத்தாள். போர்வையைச் சரிசெய்துவிட்டு, இறந்தவர் அறையில் வழக்கமாகச் செய்வதுபோல் ஜன்னலைத் திறந்தாள். தோட்டத்தில் ஒருவர் புல்வெட்டும் இயந்திரத்தில் உட்கார்ந்து அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டிருந்தார். சத்தம் அறைக்குள் பாய்ந்தது. ப்ரோனா சங்கடத்தோடு திரும்பினாள்.

"கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் ஜேனிஸ். "ஓடட்டும்."

வெட்டிய புல்லின் வாசனை வந்தது. அவள் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.