அவளுக்குப் பதிலாக

"என்ன சொன்னீங்க?" என்று அவள் மறுபடியும் கேட்டாள். முதல் தடவை காதில் விழாமல் இல்லை. விழுந்தது சரிதானா என்று தெரியவேண்டியிருந்தது.

அருவி கூப்பிடு தூரத்தில் இரைந்துகொண்டிருந்தது. சாரல் கம்பித் தடுப்பையும், அதில் சாய்ந்து நின்றவர்களின் சட்டைகளையும் ஒன்றுபோல் நனைத்தது. கணவன் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினான்.

"உங்க மேடம் காலையில போன் பண்ணாங்க! நீ வரலைன்னு நானே சொல்லிட்டேன்! இனிமே நிம்மதியா இரு!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஒளித்துவைத்திருந்த பரிசை எடுத்து நீட்டுகிறவனின் சிரிப்பு. பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஜோடிகூட, என்ன நல்ல சேதியோ என்று திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தது.

ஆற்றுப் பூங்காவுக்குப் போகலாமா என்று அவன் காலையில் கேட்டபோது, எவ்வளவு நாளாயிற்று இப்படித் தனியாக வெளியே போய் என்று மகிழ்ந்துபோய்த்தான் கிளம்பினாள். நடைபாதையில் பேசிக்கொண்டே போகலாம், நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லலாம் என்று வழியெல்லாம் மனசுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். அவனோ கொண்டாடக் கூட்டி வந்திருக்கிறான்.

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை அவளுக்கு. சட்டத்துக்குத் தகுந்தாற்போல் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துப் பொருத்த வேண்டும். ஜன்னல் இல்லாத அறை. மகளைப் பள்ளியில் சேர்த்த வருஷம் அந்த அறைக்குள் போனவள். இப்போது மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வேறு ஊரில் திறக்கிற புதுக் கிளையில் பட்டறை முழுவதும் உங்கள் பொறுப்பு, வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துபோகலாம் என்று கடை முதலாளியான மேடம் கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இரண்டு ராத்திரி தூங்காமல் யோசித்து, இன்று விடிகிற நேரத்தில்தான் போவது என்று முடிவு செய்திருந்தாள்.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"நீதானே போனை என் தட்டுகிட்ட வெச்சுட்டுக் குளிக்கப் போன?"

அது அவர்கள் வீட்டு வழக்கம். யாருக்கும் முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. ஒன்றுவிட்ட அக்கா தன் நாயை ஒரு மாசம் பார்த்துக்கொள்ளச் சொன்னாலும், எதிர்வீட்டுக்காரி எதை இரவல் கேட்டாலும், தலை தானாக ஆடிவிடும். கல்யாணமான புதிதில் ஒருநாள், அடித்துக்கொண்டிருந்த போனைச் சாப்பாட்டு மேசையில் அவன் தட்டுப் பக்கம் மெல்லத் தள்ளினாள். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு அவன் எடுத்துப் பேசினான். அவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் பதறுகிறவர்களிடம் பேசிப் பேசிப் பதமான குரல். அந்தக் குரலில் 'முடியாது' என்றால் கேட்கிறவருக்குக் கோபமே வராது. அன்றிலிருந்து சொந்தக்காரர்களுக்கு அவன் 'வக்கீல்'. "என்னம்மா, உங்க வக்கீலைக் கேட்டுத்தான் சொல்லுவியா?" என்று கிண்டல் செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

"சார்ஜ் போட வெச்சேன்," என்றாள். "என் பக்கத்து ப்ளக் கருகிக் கிடக்கு. ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்றீங்க, அந்த ஒரு ப்ளக்கை மாத்தித் தாங்கன்னு எத்தனை நாளா கத்தறேன்?"

அவன் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"ரெண்டு நாளா நீ புரண்டு புரண்டு படுத்த. முடியாதுன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிக்கிறேன்னு நெனச்சேன்."

"போறேன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சேன்."

"போகணும்னா..." அவன் அருவியைப் பார்த்தான். "அப்போ வீட்ல நான் மட்டுமா?"

அந்தக் கேள்வி இன்னொரு நாளில் அவளைக் கரைத்திருக்கும். இன்று எரிகிற தீயில் எண்ணெயாக விழுந்தது. அப்படியானால் அந்த 'வரலை' முழுக்க அவளுக்காகச் சொன்னதுதானா? அவனுக்கே தெரிந்திருக்காது. தெரியாமலே தன் சௌகரியத்தை அவள் தலையில் கட்டிவிட்டு அதற்கு உல்லாசப் பயணம் வேறு!

"மேடம் என்ன சொன்னாங்க?"

"அப்படியான்னாங்க. மத்தியானத்துக்கு மேல வேற ஆளுக்குச் சொல்லிடறேன்னாங்க."

போனை எடுத்துப் பார்த்தாள். பள்ளத்தில் சிக்னல் சுத்தமாக இல்லை. மேலே காட்சி மேடைக்கு ஏறும் பாதையைக் காட்டி ஒரு அம்புக்குறி. கைப்பையை அவன் கையில் திணித்துவிட்டு விடுவிடுவென்று ஏறினாள்.

கற்படிகள் பாசி பிடித்து வழுக்கின. வேர்கள் செருப்பைப் பிடித்து இழுத்தன. ஊன்றுகோலோடு இறங்கி வந்தவர்கள் சொன்ன வணக்கங்களுக்கு அவள் பதில் சொல்லவில்லை; எப்போதும்போல் ஒதுங்கி வழிவிடவும் இல்லை. கேட்காமல் முடிவு செய்தவனை நினைத்து ஒரு படி, 'அப்படியா' என்று ஒரே வார்த்தையில் விட்டுவிட்ட மேடத்தை நினைத்து ஒரு படி. மூச்சு வாங்கி நின்ற இடத்தில், இத்தனை வருஷமும் தன் வாயை எடுத்து அவன் தட்டுப் பக்கம் வைத்தது யார் என்ற கேள்வி வந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது. சேர்ந்து சிரித்தாளே, வக்கீல் வக்கீலென்று! பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஏறினாள்.

"பாத்து, வழுக்குது!" பின்னால் அவன் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தான். பாதை குறுகும் வளைவில் எட்டிப் பிடித்துவிட்டான். "கோவப்படாதம்மா. தப்பு என்னுதுதான். போனைக் குடு, மேடம்கிட்ட நானே பேசிச் சரி பண்ணிடறேன்."

கையை நீட்டினான். உண்மையாகவே வருந்துகிற கை. அதுவே அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வேணாம்."

"இல்ல, நான் சொன்னதை நானே மாத்திச் சொன்னாத்தானே..."

"வேணாம்னு சொல்றேன்ல? அங்கேயே நில்லுங்க. ஒரு அடி வந்தீங்க, தெரியும்!"

அவன் நின்றான். அவள் நாலைந்து படி மேலே போய்ப் பாறையில் கையூன்றித் திரையைப் பார்த்தாள். சிக்னலில் ஒரு கோடு வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. மேடத்தின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். மணி அடித்தது. வெகுநேரம் அடித்தது.

"சொல்லுங்க சார்," என்றாள் மேடம்.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். கீழே, ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் கம்பியுமாக இருந்த வளைவில், அவன் கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றான். மேலிருந்து இறங்கிய ஒரு கூட்டம் அவனைத் தாண்ட வழியில்லாமல் ஒவ்வொருவராக வயிற்றை எக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து, அவனைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஏதோ சொன்னார்கள். அவன் அசையவில்லை.