சம்பந்தி வீட்டு ஆம்ப்ளிஃபயர்

மூன்றாவது முறையும் அது பாதிப் பாட்டில் தொண்டையைக் கட்டிக்கொண்டது. கணீரென்று போய்க்கொண்டிருந்த கிட்டார் ஒலி, யாரோ வாயைப் பொத்தியதுபோலச் சட்டென்று அடங்கி, கொசு ரீங்காரமாகிவிட்டது. மகன் கம்பிகளை வேகமாக மீட்டிப் பார்த்தான். பெட்டிக்கு ரோஷம் வரவில்லை. நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த அப்பா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, முதல் காரியமாக, "ஜன்னலைச் சாத்து" என்றார்.

"கெட்டுப்போனது ஆம்ப்ளிஃபயர்ப்பா. ஜன்னல் என்ன பண்ணும்?"

"சாத்துடா."

சாத்தினான். விஷயம் அந்த நாலு சுவரைத் தாண்டக் கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. அந்த ஆம்ப்ளிஃபயர் சம்பந்தி வீட்டிலிருந்து வந்தது. கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனபோது, பையன் அலுவலக நண்பர்களோடு கிட்டார் வாசிக்கிறான் என்று பேச்சு வந்தது. சம்பந்தி உடனே எழுந்து போய், பரண் அடியிலிருந்து இதைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டார். அவரே வாலிபத்தில் யாரிடமோ பழசாக வாங்கியதாம். "சும்மாதான் கிடக்கு சம்பந்தி. நம்ம பையன் வாசிக்கட்டுமே." பெண்ணைக் கொடுத்த வீட்டில் கைநீட்டி வாங்கும் பழக்கம் அப்பாவின் பரம்பரையில் கிடையாது. இரண்டு முறை வேண்டாம் என்றார். மூன்றாவது முறையும் மறுத்தால் அது மரியாதை ஆகாது, திமிர் ஆகிவிடும். வாங்கிக்கொண்டார். காரின் பின் இருக்கையில், ஒரு பெரிய மனிதரைக் கூட்டிக்கொண்டு வருவதுபோல அதைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது மகள் போன் செய்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வருகிறாராம். "நம்ம ஆம்ப்ளிஃபயர்ல தம்பி வாசிக்கிறதக் கேக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார்ப்பா."

"ரிப்பேர்னு சொல்லிடலாமே. அவர் ஒண்ணும் நெனைக்க மாட்டார்" என்றான் மகன்.

"என்னன்னு சொல்லுவ? நீங்க குடுத்தது ஓட்டைன்னா? நாளைக்கு உங்க அக்கா அந்த வீட்ல எப்படிடா தலைநிமிர்ந்து நடப்பா? இல்ல, வந்த எடத்துல கெட்டுப்போச்சுன்னு சொல்லுவியா? குடுத்த பொருளக் காப்பாத்தத் துப்பில்லாத குடும்பம்னு ஆயிடும். ரெண்டும் நமக்கு வேண்டாம்."

இதைக் கர்வம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பனுக்குத்தான் தெரியும், ஒரு வார்த்தை எங்கே கிளம்பி எங்கே போய் இறங்கும் என்று. கடைக்கும் கொண்டுபோக முடியாது. இந்த மாதிரிப் பெட்டியைப் பிரிக்கத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் ஒருவர்தான். எல்லோரும் ரேடியோக்காரர் என்பார்கள். அவர் தினமும் காலையில் சம்பந்தியோடு நடைப்பயிற்சி போகிறவர். பெட்டி மேசைமேல் ஏறுவதற்குள் சேதி காதில் ஏறிவிடும்.

ஆகவே கூடத்தில் பழைய போர்வையை விரித்து வைத்தியத்தை ஆரம்பித்தார்கள். மகன் மருந்துக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். கிட்டாரிலிருந்து வரும் வயரை மாற்றிப் பார்த்தான். நண்பனின் கிட்டாரை வாங்கிவந்து செருகிப் பார்த்தான். பெட்டியைச் சமையலறைக்குத் தூக்கிப்போய் அங்கிருந்த பிளக்கில் போட்டுப் பார்த்தான். எங்கே போனாலும் அது கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாகப் பாடிவிட்டு, அப்புறம் அடங்கிப்போயிற்று. பின்பலகையைக் கழற்றித் தூசியை ஊதினான். தூசி அப்பாவின் வேட்டியில் வந்து உட்கார்ந்தது. உள்ளே எரிந்த தடமும் இல்லை, அறுந்த கம்பியும் இல்லை. அப்பா டார்ச் அடித்தபடி, "அங்க பாரு, அது என்ன, இது என்ன" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

"அது ஸ்பீக்கர்ப்பா."

"அது தெரியும். நல்லா இருக்கான்னு கேட்டேன்."

அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவள். வீட்டில் சண்டை வந்தால் அப்பா அவளை 'எக்ஸ்சேஞ்சு' என்றுதான் கூப்பிடுவார். டெலிபோன் இணைப்புப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு வயரை இந்த ஓட்டையிலிருந்து பிடுங்கி அந்த ஓட்டையில் செருகியே இளமையைக் கழித்தவள். கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டு வந்து குனிந்தாள்.

"பின்னாடி ரெண்டு ஓட்டை இருக்கே, அது எதுக்குடா?"

"வேற ஏதாவது பெட்டிய நடுவுல சேக்கணும்னா அதுக்கும்மா. ஒண்ணு வழியா சத்தம் வெளிய போயி, இன்னொண்ணு வழியா திரும்ப உள்ள வரும். நாம அதுல எதுவுமே போடறதில்லையே."

"போடாதப்ப சத்தம் எப்படிப் போகும்?"

மகன் குனிந்து அந்த ஓட்டைகளைப் பார்த்தான். அம்மா விடவில்லை.

"உள்ள ஒரு நாக்கு இருக்கும்டா. பிளக்கச் சொருகினா நாக்கு விலகும், எடுத்தா திரும்பிவந்து ஒட்டிக்கும். எங்க போர்டுலயும் அப்படித்தான். நாக்கு அழுக்குப் பிடிச்சு ஒட்டலன்னா லைன் இருக்கும், ஆனா பேசறவங்க கெணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கும். அந்த ரெண்டு ஓட்டையையும் ஒரு வயரால சேத்துப் பாரு."

"எக்ஸ்சேஞ்சு சொல்லிட்டா. அப்பீல் கிடையாது" என்றார் அப்பா.

குட்டை வயர் ஒன்றைத் தேடியெடுத்தான் மகன். ஒரு முனையை ஒரு ஓட்டையில் செருகினான். மறுமுனையைச் செருகும்போது ஒன்றை மறந்துவிட்டார்கள். சத்தம் குறைந்தபோதெல்லாம் அப்பா பொறுக்காமல் வால்யூம் குமிழைத் திருகித் திருகிக் கடைசிவரை ஏற்றி வைத்திருந்தார். மகன் மடியிலிருந்த கிட்டாரில் அவன் முழங்கை லேசாகப் பட்டதுதான் தாமதம், வீடே ஒருமுறை எழுந்து உட்கார்ந்தது. டார்ச் உருண்டு சோபாவுக்கு அடியில் போயிற்று. மாடி வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "என்ன சார், லாரி ஏதும் வந்து மோதிடுச்சா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. பீரோவ நகத்தினோம்" என்றார் அப்பா, முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

நோய் தெரிந்துவிட்டது. வயர் செருகியிருக்கும்வரை ஒலி குறையவேயில்லை. "இப்படியே விட்டுடலாம்ப்பா. நிறைய பேர் இப்படித்தான் வாசிக்கிறாங்க" என்றான் மகன். அப்பா பெட்டியின் பின்புறம் போய் நின்று பார்த்தார். வயர் ஒரு வளையமாகத் தொங்கியது. கைக்குக் கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு விருந்தாளியை வரவேற்பதுபோல இருந்தது அவருக்கு.

"வர்றவர் அதத்தான் மொதல்ல பாப்பார். வேண்டாம். முழுசா சரிபண்ணு."

"மொதல்ல கரண்ட்டப் புடுங்கு" என்றாள் அம்மா.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டுவைத்தார்கள். பிறகு மகன் நட்டுகளைக் கழற்றி, உள்ளே இருந்த சர்க்யூட் பலகையை மெல்ல வெளியே இழுத்தான். அம்மா சொன்ன நாக்கு இருந்தது. மெல்லிய தகடு, கறுத்து, வளைவு போய்த் தட்டையாகக் கிடந்தது. கடையில் வாங்கிய கிளீனரை மகன் அடித்தான். அம்மா பழைய அழைப்பிதழ் ஒன்றைக் கிழித்து, அந்த அட்டைத் துண்டை நாக்குக்கும் அதன் இணைக்கும் நடுவில் விட்டு முன்னும் பின்னும் இழுத்தாள். அட்டை கறுப்பாக வந்தது. இன்னொரு துண்டு. அது சாம்பல் நிறமாக வந்தது. அடுத்தது வெள்ளையாகவே வந்தது. பிறகு தன் பின்னல் வேலைக்கான குரோஷா ஊசியின் நுனியால் நாக்கை மயிரிழை அளவுக்குத் தூக்கிவிட்டாள். எத்தனையோ பேருடைய கல்யாணச் சேதியையும் சாவுச் சேதியையும் இணைத்துவிட்ட விரல்கள் அவை. அப்பா டார்ச்சை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்தது அந்த நேரம் மட்டும்தான்.

மூடி, திருகி, வயர் இல்லாமல் மகன் வாசித்தான். காபி ஆறும்வரை வாசித்தான். ஒலி இம்மி குறையவில்லை. அப்பா எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி தம் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கென்று துடைத்துப்போட்டிருந்த பெரிய நாற்காலியில் உட்காராமல், "இங்கயே இருக்கேன், நல்லாக் கேக்கும்" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மகன் வாசிக்க ஆரம்பித்தான். மகள் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். பாட்டு நன்றாகச் சூடுபிடித்த வேளையில், சம்பந்தியின் வலது கை தானாக எழுந்ததை அப்பா பார்த்தார். உள்ளங்கையை விரித்து, பெட்டியின் தலைக்கு ஒரு சாண் மேலே, ஓங்கிய நிலையில் அந்தக் கை நின்றது. கொசு அடிக்கவோ தாளம் போடவோ எழுந்த கையல்ல அது. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எவ்வளவு பலமாகத் தட்டினால் திரும்பப் பாடும் என்று நெடுங்காலம் பழகிய கை. ஒலி எப்போது அடங்கும் என்று அது காத்திருந்தது.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டிலேயே இது இப்படித்தான் இருந்திருக்கிறது. அடுத்த நொடி, இப்போது தட்டிவிடாமல் இருக்க வேண்டுமே என்ற கவலை வந்தது.

பாட்டு முடிந்தது. கை இன்னும் இறங்கவில்லை.

"சம்பந்தி," என்றார் வந்தவர், குரலைத் தாழ்த்தி, "சத்தம் குறையவே இல்லையே."

அப்பா அவரை நேராகப் பார்த்தார். "குறையணுமா?"

"சேச்சே! எதுக்குக் குறையணும்? எங்க வீட்லயும் ஒரு நாளும் குறைஞ்சதில்ல."

"அப்படித்தான் இருக்கும். நல்ல பொருள்."

"நல்ல பொருள்தான்" என்றார் சம்பந்தி. அவர் காதுமடல் சிவந்திருந்தது. ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை விழுங்கினார். அப்பாவுக்கும் மீசைக்கு அடியில் ஏதோ அசைந்தது. சமையலறை வாசலில் நின்ற அம்மா, சிரிக்கப்போன மகளைக் கிள்ளி, "பேசாம இரு" என்றாள்.

மகன் அடுத்த பாட்டைத் தொடங்கினான். அப்பா தம் நாற்காலியைத் தாமே இழுத்துக்கொண்டு வந்து பெட்டிக்கு இந்தப் பக்கம் போட்டார். ஓங்கியிருந்த கை மெல்ல இறங்கி, பெட்டியின் மேல் சும்மா படிந்தது. சற்று நேரம் கழித்து, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், அப்பாவும் மறுமூலையில் தம் கையை வைத்தார். இரண்டு உள்ளங்கைகளுக்கும் கீழே பலகை அதிர்ந்துகொண்டிருந்தது.