பட்டினி கிடந்த சட்டிகள்

காளியாயியின் சோற்றுச்சட்டியை உருக்கி வார்த்த அலுமினியக் கட்டி, தராசில் வைத்ததும் எழும்பிப்போய்க் கூரைத் தகரத்தில் ஒட்டிக்கொண்டது. இலங்கையில் கேஸும் அரிசியும் கிடைக்காமல் போன வருடம் அது. மலையகத்தில் திம்புள்ளப் பக்கம் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், பழைய அலுமினியத்தை உருக்கி விமானம் செய்கிறவர்களுக்கு விற்க ஒரு கம்பெனி வந்திருந்தது. பழைய சாமானில் இரும்பும் கசடும் கலந்திருக்கும். தலைகீழாக நின்று சுத்தம் செய்தும், இழுத்துச் சோதிக்கும்போது வார்த்த கட்டி வெடித்துப் பிளந்தது. காளியாயியின் கட்டி வெடிக்கவில்லை. மனேஜர் கணேசமூர்த்தி விசாரித்ததில், அந்தச் சட்டியில் பல மாதமாக உலை வைக்கவில்லை என்று தெரிந்தது. பட்டினி கிடக்கும் வீட்டுச் சட்டிதான் விமானத்துக்கு ஆகும் என்று அவர் கொழும்புக்கு அறிவித்தார்.

முதலில் சட்டிக்குப் பதில் கோதுமை மா கொடுத்தார்கள். மா தின்ற வீடுகளில் மிஞ்சியிருந்த சட்டிகளை அடுத்த தடவை உருக்கினால் பழையபடி வெடித்தன. எனவே மாவை நிறுத்திவிட்டு, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், ஒற்றை அறை வீடான காம்பரா ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுச் சட்டி கொடுத்தார்கள். லொறி வந்து எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. லயத்துச் சட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வார்ப்பாகத்தான் உருக்குவார்கள். ஒரு வீட்டில் சமைத்தாலும் அத்தனையும் பாழ். வார்ப்பு தேறினால் வீட்டுக்கு ஒருவருக்குத் தொழிற்சாலையில் வேலை. தோட்டத்தில் கொழுந்தும் இல்லாத, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டும் இல்லாத நேரம். ஆளாளுக்குத் தலையாட்டிவிட்டு, பச்சைக் கீரையும் மலையிலிருந்து வழியும் பீலித் தண்ணீருமாகக் கிடந்தார்கள். ஒரு வீட்டை இன்னொரு வீடு மோப்பம் பிடித்தது. கம்பெனி காவலுக்கு ஆள் போடவேயில்லை.

காளியாயியின் மகள் நிலக்ஷிக்கு ஆறு வயது. காய்ச்சலில் எழும்ப முடியாமல் படுத்துவிட்டாள். டவுன் கடைக்காரர் லாபிர் இரக்கப்பட்டு ஒரு சுண்டு அரிசி கொடுத்தனுப்பினார். காளியாயி அடுப்பை மூட்டினாள். புகை முகட்டுக்கு ஏறுமுன் பக்கத்துக் காம்பரா ராசம்மா வாளித் தண்ணீரோடு வந்துவிட்டாள். பின்னாலேயே லயத்துத் தலைவர் வீரய்யாவும் வந்தார்.

"ஒரு வாய்க் கஞ்சிங்க தலைவரே. புள்ள கண்ணத் தெறக்க மாட்டேங்குது."

"எல்லா வீட்டுலயும் புள்ளைங்க இருக்குங்க, தாயி. நாளைக்கு லொறி வருது. ஒரு நாளு பொறுக்கக் கூடாதா?"

ராசம்மா அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். அரிசியை வீரய்யா கையோடு கொண்டுபோனார். இருவரும் பிரசவத்துக்கும் சாவுக்கும் முதல் ஆளாக ஓடிவருகிற நல்ல மனிதர்கள்.

விடிந்தபோது நிலக்ஷி செத்துப்போயிருந்தாள். அந்த வீட்டுச் சட்டி முகட்டில் மிதந்துகொண்டிருந்தது. கணேசமூர்த்தி அதைக் கம்பால் இறக்கி, இவ்வளவு லேசானதைக் கண்டதேயில்லை என்று மெச்சினார். குழந்தையின் உடம்பு எப்போதும்போலத்தான் கனத்தது. மேட்டில் ஏற்றி அடக்கம் செய்ய ஆள் மாற்றித் தூக்கினார்கள். வார்ப்பு தேறியது. கம்பெனி சொன்ன சொல் தவறவில்லை. முதல் வேலை, வீடுகளுக்குச் சட்டி கொடுக்கிற வேலை, காளியாயிக்குத்தான் கிடைத்தது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுச் சட்டி நன்றாக மிதக்கும் என்பது அதற்குள் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த தடவை சட்டி கொடுத்தபோது பெண்கள் கைக்குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பிள்ளையில்லாதவர்கள் இரவல் வாங்கி வந்திருந்தார்கள். காளியாயி ஒவ்வொரு குழந்தையின் கன்னத்தையும் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சட்டியை எடுத்துக் கொடுத்தாள்.