திரும்பிய அன்னம்

மாட்ட வேண்டிய படங்கள் கூடத்துச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்த தினகரன் தன் மனைவியின் முன்னால் நின்றான்.

கீர்த்தி சிரித்துக்கொண்டிருந்தாள். பல் தெரிய, கண் இடுங்க, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாலு வருடம் அவளோடு குடித்தனம் நடத்தியவன் அவன். இந்தச் சிரிப்பை அவன் பார்த்ததில்லை.

படத்தை எடுத்தவர் ஜான்சன். கீர்த்தியோடு வணிகவியல் பாடம் எடுத்தவர். அவர் நிரந்தரம், அவள் கௌரவ விரிவுரையாளர். பல வருடம் வாடகைக் கல்யாண மண்டபத்தில் நடந்த பல்கலைக்கழகக் காஞ்சிபுரம் மையத்துக்கு இப்போதுதான் ஓரிக்கைப் பக்கம் சொந்தக் கட்டடம் வந்திருந்தது. மறுநாள் திறப்பு விழா. மையத்தின் வரலாற்றைப் படங்களாக மாட்டும் பொறுப்பை ஜான்சன் ஏற்றிருந்தார். நிரந்தரப் பணியாளர்கள் படம் மட்டும்தான் என்பது விதி. தலைமையகம்வரை போய்ச் சண்டை போட்டு, கீர்த்திக்கு மட்டும் விலக்கு வாங்கிவிட்டார். காய்ச்சல் என்று படுத்து ஒரே வாரத்தில் போனவளுக்கு வரலாற்றில் ஓர் இடம். அதையும் இந்த ஆள்தான் வாங்கித் தர வேண்டியிருந்தது.

தினகரன் கையில் ஓர் உறை இருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி எடுத்து வந்திருந்தான். உதட்டை மூடிய, யாரையும் பார்க்காத கீர்த்தி. அதை மாட்டச் சொல்லத்தான் வந்தான்.

ஜான்சன் படத்தை மாட்டிவிட்டு ஏணிமேல் நின்ற பியூன் வீராசாமி கேட்டான். "ஜான்சன் சார், மேடம் படத்த உங்க படத்துக்குப் பக்கத்துலதான மாட்டறது? ஆணி அடிச்சிட்டேன். மாட்டினா மேடம் உங்களையே பாத்து சிரிச்சிக்கினு இருப்பாங்க, பாத்துக்கோங்க."

"வாய மூடிக்கினு வேலயப் பாருப்பா" என்றார் ஜான்சன். தினகரன் முகம் திருப்பி எதிர்ச் சுவரில் ஏற்கெனவே மாட்டியிருந்த பலகையைப் படித்தான். மண்டபத்தில் மையம் நடந்த காலத்தைப் பற்றியது. நடுவில் ஒரு வரி: 'முகூர்த்த நாள்களில் மையத்துக்கு விடுமுறை, ஈடாக ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு.'

மறுபடியும் படித்தான். முகூர்த்த நாள்களில் கீர்த்தி வீட்டில் இருந்ததே இல்லை. சென்டருக்குப் போறேன் என்று நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்புவாள். திரும்பி வந்து பசிக்கவில்லை என்பாள். அவன் தனியாகச் சாப்பிடுவான்.

"முகூர்த்தத்துக்கு லீவா சார்?"

"பின்ன? மேடையில தாலி கட்டும்போது கீழ அக்கவுண்டன்ஸியா எடுக்க முடியும்?"

"கீர்த்தி வருவாளே."

"வருவாங்க. நானும் வருவேன். பெஞ்சு, போர்டு, கம்ப்யூட்டர் எல்லாத்தையும் பின்னாடி ரூம்ல அடுக்கிட்டு யாராவது காவல் இருக்கணுமே. கல்யாண வீட்டுக்காரங்க விடுவாங்களா? சாப்பிடக் கூப்பிட்டுருவாங்க. பொண்ணு வீடா, மாப்ள வீடான்னு கேட்டா, 'வாடகைக்கு இருக்கிற வீடு'ம்பாங்க மேடம். பந்தியே சிரிக்கும்."

தினகரனோடு அவள் எந்தக் கல்யாணத்துக்கும் வந்ததில்லை. கூட்டம் ஒத்துக்காது என்பாள். யார் யார் கல்யாணத்திலேயோ இந்த ஆளோடு இலையில் உட்கார்ந்து பந்தியைச் சிரிக்க வைத்திருக்கிறாள்.

"இந்தப் படமும் அங்க எடுத்ததா?"

"ஆமாம்பா."

"யாரப் பாத்து சிரிக்கிறா?"

அவன் குரல் ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். ஜான்சன் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"ஒரு அம்மா, மாப்ளைக்கு அத்தையோ சித்தியோ. அரக்குல கடுகுக் கரை போட்ட புடவை கட்டிக்கினு வந்தாங்க. கரை முழுக்க அன்னம். வரிசையா போயிக்கினே இருக்குது, நடுவுல ஒண்ணு மட்டும் திரும்பிக்கினு நிக்குது. உன் டிசைனாமே?"

கரையில் உருவம் நெய்யும் ஜக்கார்டு தறிகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது தினகரனின் தொழில். கல்யாணமான புதிதில் போட்டது அது. டிசைனைத் தறிக்கான அட்டையில் குத்தி, புடவைகள் நெய்து இறங்கிய பிறகுதான் அந்த அன்னத்தை முதலாளி கவனித்தார். நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, விலை குறைத்துத் தள்ளிவிட்டார். அதைப் பற்றி இனி வீட்டில் பேச்சே எடுக்கக் கூடாது என்று கீர்த்தியிடம் சொல்லியிருந்தான். அவளும் எடுக்கவில்லை. அவனிடம்.

"அதத் தேடித்தாம்பா கல்யாணத்துக்கு வருவாங்க" என்றார் ஜான்சன். "எங்கயாவது ஒரு புடவை ஆப்ட்டுருச்சின்னா போதும். 'அதோ சார், எங்க வீட்டுக்காரர் அன்னம்'னு என் கையப் புடிச்சி இழுத்துக்கினு கிட்ட போயி நிப்பாங்க. அப்ப எடுத்ததுதான் இது."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. அவனுடைய அன்னத்தைப் பார்த்து அவள் சிரித்தபோது பக்கத்தில் நின்றது இவர். அவமானத்தைக்கூட இவரோடு பங்கு போட்டிருக்கிறாள். உறை அவன் கையில் கசங்கியது.

"இப்பிடி ஒண்ணு மட்டும் எப்பிடிம்மா திரும்புச்சின்னு கேட்டேன் ஒரு தடவ" ஜான்சன் சிரித்தார். "'ராவெல்லாம் கண்ணு முழிச்சாரு சார், மவுஸ் மேலயே தூங்கிட்டாரு'ன்னாங்க. நெசமாவாப்பா?"

தினகரன் படத்தில் இருந்தவளைப் பார்த்தான்.

அவன் தூங்கவில்லை. அன்று சித்திரை மாத வெயில், மதியம். அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது கீர்த்தி அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஓர் அன்னத்தைத் திருப்பி வைத்தாள். எல்லாம் முன்னாடியே பார்த்துப் போனால் பின்னால் வருகிறதை யார் பார்ப்பது என்றாள். சரி செய்யலாம் என்று உட்கார்ந்தவனை அன்று அவள் வேலை செய்ய விடவில்லை. பிறகு அவன் மறந்தே போனான். முதலாளியிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

இவரிடம் அவளும் சொல்லவில்லை.

"ஆமா சார்" என்றான். "தூங்கிட்டேன்."

வீராசாமி ஏணியிலிருந்து குனிந்தான். "என்னாப்பா, இந்தப் படந்தானா? இல்ல அந்தக் கவர்ல வேற இருக்குதா?"

"இதேதான். மாட்டுங்க."

ஜான்சனின் முகம் மலர்ந்தது. தினகரன் உறையை மடித்துப் பைக்குள் திணித்தான்.

"சார் படத்த மட்டும் கழட்டி அந்தக் கடைசியில மாட்டிருங்க" என்றான்.